பாதிக்கதையும் அதாவது முதலாளியும்

பாதிக்கதை என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று. மாமியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே விவரம் சொன்னார்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில ஆயா வேலை. கீழே ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. அந்தத் தங்கச்சி பேரு பாதிக்கதையாம். வீட்டுல அப்படித்தான் கூப்பிடறாங்க. கேட்டா சிரிக்கிறாங்க. என்ன பேரோ, என்ன குடும்பமோ!"

பேருக்காகச் சம்பந்தத்தை விட முடியுமா? மூத்தவள் எனக்கு ஓரகத்தியாக வந்தாள். அந்தத் தங்கச்சிக்கு ஏன் அப்படிப் பேர் வந்தது என்று கல்யாண வீட்டிலேயே தெரிந்துவிட்டது. மத்தியானம் பந்தி முடிந்து பெண்கள் எல்லாம் பாயில் கால் நீட்டியிருந்தோம். பாவாடை தாவணியில் ஒல்லியாக ஒருத்தி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொன்னாள்.

"ஒரு வீட்டுல அஞ்சு பேர். சாப்பிட உக்காந்தாங்க. அம்மா ஆறு தட்டு வச்சா. ஏன்னு யாரும் கேக்கலை. எல்லாரும் கொஞ்சம் நகந்து உக்காந்தாங்க."

சொல்லிவிட்டு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றேன் நான்.

"அவ்வளவுதான்க்கா."

"அடி, பாதியில நிறுத்திட்டியே!"

"மீதி உங்ககிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மறுநாள் என் வீட்டில் தட்டு எடுத்து வைக்கும்போது கை தானாக நின்றது. யாரோ நகர்ந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. நானோ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். பேய் என்றால் தலைவிரி கோலமும் கோரைப்பல்லும் என்றுதான் நினைத்திருந்தேன். பல்லே காட்டாமல் ஒருத்தி என்னைப் பயமுறுத்திவிட்டாளே என்று அன்றிலிருந்து அவள் மேல் ஒரு மரியாதை.

பத்தாவது முடித்ததும் பாதிக்கதை ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குப் போனாள். அடித்த தாளில் எழுத்துப் பிழை திருத்துகிற வேலை. அந்த அச்சகத்தில் மாதாமாதம் பயங்கரக் கதைப் புத்தகம் ஒன்று வந்தது. அட்டையில் எப்போதும் ஒரு கத்தி, ஒரு கை, ஒரு வாளி ரத்தம். அதை நடத்தியவர்தான் அச்சகத்து முதலாளி. அவருக்கு வேலைக்காரர்கள் வைத்த பெயர் "அதாவது".

மனுஷன் எதைச் சொன்னாலும் பின்னாலேயே "அதாவது" என்று ஆரம்பித்து விளக்கம் சொல்லுவார். நகைச்சுவை சொன்னால்கூட அப்படித்தான். "ஒருத்தன் டாக்டர்கிட்டப் போய் எனக்கு மறதின்னானாம். எப்போலேருந்துன்னு கேட்டாராம். எது எப்போலேருந்துன்னானாம்" என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிக்கும் முன்பே, "அதாவது, தனக்கு மறதிங்கறதே அவனுக்கு மறந்துபோச்சு" என்பார். அதற்குப் பிறகு சிரிக்காவிட்டால் சம்பளத்துக்கு ஆபத்து. அதனால் எல்லாரும் சிரித்து வைப்பார்கள்.

பாதிக்கதை அந்த ஆறு தட்டுக் கதையை எழுதிக் கொடுத்தாள். அவரும் போட்டார், தன் பெயரில். போகட்டும், அந்த இதழில் எல்லாக் கதையும் அவர் பெயரில்தான் வரும். ஆனால் கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருந்தார். "அதாவது, ஆறாவது தட்டு போன வருடம் இறந்த மூத்த மகனுடையது. அவனுடைய ஆவி தினந்தோறும் பசியோடு வந்தது."

புத்தகத்தை என்னிடம் காட்டி, "அக்கா, செத்தவனை ரெண்டாவது தடவை கொன்னுட்டார்" என்றாள்.

"நீ போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நம்ம வாசகனுக்கு மூளை முழங்கால்ல இருக்கு, அவனுக்கு ஊட்டித்தான் விடணும்ங்கறார்."

"எனக்குப் புரிஞ்சுதேடி!"

"அதான்க்கா எனக்குக் கோபம். உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் அவர் முட்டாள்ங்கறார். பயத்தை நான் காகிதத்துல வைக்கறதில்லை. கதவு எங்க இருக்குன்னு மட்டும் காட்டறேன். திறக்கறது உங்க கை. இவர் வந்து கதவைக் கழட்டி எடுத்துட்டு, உள்ள ஒண்ணுமில்லை பாருங்கறார்."

எங்கள் தெருமுனையில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடை ஒன்று இருந்தது. அங்கே வரும் பெண்கள் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கக் கற்றுக்கொண்டார்கள். கடைக்காரர் பெரியவர்தான் முதலில் அந்த யோசனையைச் சொன்னவர். "கடைசிப் பத்தி முதலாளியோடது, மத்தது அந்தப் பொண்ணோடது. கை வச்சுக்கிட்டுப் படிங்க" என்பார். யார் எழுதுகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது மட்டும் முதலாளிக்குத் தெரியாது.

பாதிக்கதையின் தம்பியும் அதே அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பிறந்ததிலிருந்தே இளைப்பு. மூச்சு விட்டால் நெஞ்சில் ஊதல் மாதிரி சத்தம் வரும். அதனால் அவனுக்கு "விசில்" என்று பெயர். அடுப்புப் புகை பட்டாலே நீலமாகிவிடுவான். அவனுக்குப் பின்பக்கத்துப் பைண்டிங் அறையில் வேலை. பக்கத்தில் புத்தகம் தைக்கும் தையல்காரம்மா. அந்த அறைக்குச் சந்துப் பக்கமாக ஒரு கதவு. மூன்று மணிக்குச் சந்தில் டீக்காரர் சைக்கிள் மணி அடிப்பார். வேலையை விட்டுவிட்டு ஆட்கள் டீக்கு ஓடுகிறார்கள் என்று முதலாளி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கதவை வெளியே பூட்டிவிடுவார். சாவி அவர் இடுப்பில்.

"மணிச் சத்தம் கேக்குது, டீ வாசனை வருது, டீதான் வரலை" என்று விசில் என் வீட்டுக்கு வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு இருமல் வரும்.

ஒரு மத்தியானம் காகிதக் கிடங்கில் தீப்பிடித்தது. வண்டியில் புத்தகக் கட்டு ஏற்ற மற்றவர்கள் எல்லாம் முன்பக்கம் போயிருந்தார்கள். பைண்டிங் அறையில் இருந்தது விசிலும் தையல்காரம்மாவும் மட்டும்தான். கிடங்கைத் தாண்டித்தான் முன்பக்கம் வர வேண்டும். சந்துக் கதவைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு பேரும் அந்தக் கதவடியிலேயே கிடந்தார்கள்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். கதவை நான் என்றைக்குமே பூட்டியதில்லை என்றார் முதலாளி. புகையில் வழி தெரியாமல் தடுமாறியிருப்பார்கள் என்றார். வேலைக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் ஆமாம் என்றார்கள், அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. கதவு சாம்பலாகியிருந்தது. "பூட்டியிருந்தா பூட்டு எங்கே?" என்று அதிகாரி கேட்டார். சாம்பலைச் சலித்துப் பார்த்தார்கள். பூட்டு இல்லை. அதோடு விட்டாரா முதலாளி? "அந்தப் பையன்தான் ஒளிஞ்சு ஒளிஞ்சு பீடி பிடிப்பான்" என்று எழுதிக் கொடுத்தார். விசில் பீடி பிடித்தான் என்று! அவனை அறிந்தவர்களே அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அச்சாபீஸைக் கொளுத்தியவன் என்று அவனுக்குப் பேர் நின்றுவிட்டது.

அவன் அம்மா குழாயடிக்குப் போனால், "உன் பையன் வச்ச பீடியில எங்க வீட்டு ஆம்பளைக்கு வேலை போச்சு" என்று ஒருத்தி குடத்தை இழுத்துத் தள்ளி வைப்பாள். அந்த அம்மா காலிக் குடத்தோடு திரும்பிவிடுவார்.

எல்லாரும் எதிர்பார்த்தது பாதிக்கதை வேலையை விடுவாள் என்று. அவள் விடவில்லை. கூரை மாற்றி, கதவிருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, அச்சகம் மறுபடி ஓட ஆரம்பித்ததும் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினார். என் ஓரகத்தி, கூடப் பிறந்த அக்கா, "தம்பியைத் தின்ன இடத்துல போய் உக்காந்து சோறு திங்கறா" என்று என்னிடமே அழுதாள். நானும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எப்படிடி அந்த ஆள் மூஞ்சில முழிக்கறே?"

"பூட்டு எங்கேன்னு தெரியணும்க்கா."

"அவர் சொல்லுவாரா?"

"கேட்டா சொல்ல மாட்டார். விட்டா சொல்லுவார்."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. வருஷங்கள் போயின. மாதாமாதம் கதை எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பாதியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் அதாவது போட்டு ஒரு பத்தி, பிறகு அரைப் பக்கம், பிறகு முழுப் பக்கம் என்று எழுதிக்கொண்டே போனார். விட்ட இடத்தை நிரப்பாமல் அவரால் இருக்க முடியாது. நாக்கு பல் இடுக்கிலேயே போகிற மாதிரி. அவள் அவரைப் பழக்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், மாட்டைச் செக்குக்குப் பழக்குகிற மாதிரி.

பிறகுதான் டீக் கதையை எழுதினாள்.

மெத்தை தைக்கிற கடை. முதலாளி ஒரு பெண்பிள்ளை. கடையின் பின்சுவரில் ஓரிடத்தில் மட்டும் செங்கல் புதிது. தினமும் மத்தியானம் டீக்காரர் மணி அடிக்கும்போது அந்தச் சுவரில் யாரோ மெல்லத் தட்டுகிறார்கள். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், "யாரு அத்தை?" என்கிறாள். "யாருமில்லை, டீயைக் குடி" என்கிறாள் கடை முதலாளியான மாமியார். மறுநாள் மருமகள் இரண்டு டம்ளர் டீ கூடுதலாக வாங்கி, அந்தச் சுவரடியில் வைத்துவிட்டு வந்து தையலில் உட்காருகிறாள். அன்றைக்குத் தட்டல் கேட்கவில்லை. மாமியார் கை ஊசியோடு நின்றுவிடுகிறது.

அவ்வளவுதான் கதை. தம்பி இல்லை, அச்சகம் இல்லை, தீ என்ற சொல்லே இல்லை.

அவரிடம் கொடுத்த அன்று நடந்ததை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். அவர் படித்துவிட்டு, "சுவத்துக்கிட்ட எதுக்கும்மா டீ வைக்கறா?" என்று கேட்டார்.

"வாசகருக்குப் புரியும் ஐயா."

"புரியும், புரியும். முழங்காலுக்குப் புரியும்." பேனாவை எடுத்தார். "அதாவது, டீ ஆசை தீராமல் இறந்த இரண்டு ஆவிகள் சுவருக்குப் பின்னால் இருந்தன. போதுமா?"

"போதும் ஐயா. ஆனா அவங்க ஏன் வெளியே வரலைன்னு கேப்பாங்க."

"கதவு பூட்டியிருந்துச்சு."

"யாரு பூட்டினாங்க?"

"அந்த முதலாளியம்மாதான். வேலை நேரத்துல டீக்கு ஓடினா? பூட்டத்தான் செய்வா."

"சரிங்க. அப்ப பூட்டைப் பாத்திருப்பாங்களே. போலீஸ் வந்திருக்குமே. பூட்டு எங்க போச்சுன்னு விட்டுட்டா ஓட்டையா நிக்குமே ஐயா. நீங்க எப்பவும் ஓட்டை விட மாட்டீங்களே."

பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் வேறொரு தாளில் விட்டுப்போன கொம்பு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என் வாசகன் அதையெல்லாம் எங்க கேக்கப்போறான்" என்று முனகினார். "கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டாப் போச்சு" என்று குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஒரு கற்பனையும் வராத மனுஷன். பிறந்ததிலிருந்து ஒரு பொருளைக்கூட, அது இல்லாத இடத்தில் இருப்பதாக அவர் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் என்ன எழுதுவார்? தெரிந்ததைத்தான் எழுதுவார்.

"பேனா கீச்சு கீச்சுன்னு ஓடுது. தம்பி நெஞ்சுச் சத்தம் மாதிரியே இருந்துச்சு" என்றாள். அவள் வாழ்க்கையில் எனக்குச் சொன்ன கதைகளில் முடிவு வரை சொன்னது இது ஒன்றுதான்.

புத்தகம் வந்தது. வாடகைக் கடையில் பெண்கள் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைக் கையால் மறைத்துப் படித்தார்கள். மெத்தைக் கடை யாருடைய கடை என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. குழாயடியில் குடத்தை இழுத்தாளே, அவள்தான் முதலில் கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். படித்தவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் கையிலிருந்து வாங்கிப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒவ்வொரு சொல்லும் மெதுவாகத்தான் வரும். மெதுவாக வந்ததால் நன்றாகவே வந்தது.

"அதாவது, தீ அணைந்ததும் அவள் மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போனாள். கதவு எரிந்து போயிருந்தது. பூட்டு மட்டும் நாதாங்கித் துண்டைக் கவ்வியபடி சாம்பலில் கிடந்தது. சுட்டதால் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்தாள். கொல்லைக் கிணற்றில், துவைக்கும் கல்லின் பக்கமாகப் போட்டாள். அதனால்தான் போலீசாருக்குப் பூட்டு கிடைக்கவில்லை."

அச்சகத்துக் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. அதன் ஓரத்தில் துவைக்கும் கல்லும் உண்டு.

தையல்காரம்மாவின் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் புத்தகத்தைப் படித்துவிட்டு நேராக அச்சகத்துக்கு ஓடப் பார்த்தார். வாடகைக் கடைப் பெரியவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"தனியாப் போகாதே. நீயே போட்டு நீயே எடுத்தேன்னுடுவான். போலீஸ்காரரைக் கூட்டிக்கிட்டுப் போ. நாங்களும் வர்றோம்."

அப்படியே போனோம். காலையில் வெயில் ஏறும் நேரம். போலீஸ்காரர் ஒருவர், மெக்கானிக், பின்னால் நாங்கள் ஒரு கூட்டம். மெக்கானிக் கையில் பாதாளக்கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொக்கிக் கொத்து அது. அச்சு ஓடும் சத்தம் நின்றது. வேலைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னய்யா இது? கும்பலா வந்து நிக்கறீங்க?"

"கதை படிச்சோம் முதலாளி" என்றார் மெக்கானிக்.

"படிச்சா?"

"நல்லா இருந்துச்சு."

முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் ஈரத்தாள் மாதிரி ஆனது. "அது கதை! நானே கட்டினது. அதாவது..."

"அதாவது வேணாம் முதலாளி. எங்களுக்குப் புரிஞ்சுடுச்சு" என்றாள் அந்தக் குழாயடிக்காரி. "முழங்கால்ல இருந்த மூளை மேல ஏறி வந்துடுச்சு."

துவைக்கும் கல்லின் பக்கமாகக் கயிற்றை விட்டார்கள். முதலில் ஓட்டை வாளி வந்தது. பிறகு சேறு. பிறகு மறுபடி சேறு. முதலாளி முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. அடுத்த தடவை கயிறு கனத்தது. சாக்கு மக்கிப்போய் நூலாகத் தொங்கியது. நூலுக்குள் பூட்டு. பூட்டு பூட்டியபடியே இருந்தது. நாதாங்கித் துண்டு அதன் வாயிலேயே இருந்தது.

மெக்கானிக் அதைத் தொடவில்லை. போலீஸ்காரர் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டு, "கதைன்னீங்களே, கதையில போட்ட பூட்டு கிணத்துல எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டார். எதற்கும் விளக்கம் சொல்லும் மனுஷன் அதற்கு ஒரு சொல் சொல்லவில்லை.

நான் பாதிக்கதையைத் தேடினேன். அவள் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த மாத இதழுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத்தான் முதுகு சில்லிட்டது.

பூட்டு வந்ததும் வேலைக்காரர்கள் வாயும் திறந்தது. எல்லாரும் சாட்சி சொன்னார்கள். தீ மின்கம்பியில் பிடித்தது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. பழைய கம்பியை மாற்றச் சொல்லிப் பலமுறை கேட்டிருந்தார்களாம். விசில் பீடி பிடித்தான் என்று எழுதியதைக் கோர்ட்டில் நீக்கினார்கள். முதலாளிக்கு ஜெயில்.

தீர்ப்புக்கு முன்னால் முதலாளியின் மனைவி பாதிக்கதை வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. அந்தக் கடைசிப் பக்கம் நீ எழுதினதுன்னு சொல்லு. வயசான மனுஷன். உன் காலில விழறேன்."

"எல்லாக் கதையும் அவர் பேர்லதானேம்மா வந்துச்சு? அந்தப் பக்கத்துல ஒரு எழுத்துகூட என்னுது இல்லை" என்றாள் பாதிக்கதை. "கொம்பு ஒண்ணு விட்டிருந்தார். அதைக்கூட நான் போடலை."

அந்த அம்மா அழுதபடி போனார். உள்ளே பாதிக்கதையின் அம்மா கதவோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மகளோடு பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. "வா, சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். பாதிக்கதை அப்போதுதான் அழுதாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பாதிக்கதை வேறு பத்திரிகைகளுக்குத் தன் பேரிலேயே எழுத ஆரம்பித்தாள். கடைசிப் பத்தி சேர்க்க இனி ஆளில்லை. கதை வந்ததும் ஒரு பிரதி வாங்கி, கடைசிப் பக்கத்தை அடிக்கோல் வைத்து நேர்த்தியாகக் கிழித்து எடுத்துவிட்டு, மீதியை ஜெயிலுக்குத் தபாலில் அனுப்பினாள். மாதாமாதம். அவர் மகன் ஒரு தடவை வந்து, "அப்பா சாப்பிட மாட்டேங்கறார். போன மாசம் நீங்க அனுப்பின கதையில குழந்தை எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். எனக்காகச் சொல்லுங்க" என்று கெஞ்சினான்.

"யோசிச்சாத் தெரியும்னு சொல்லுப்பா" என்றாள்.

அவன் போன பிறகு நான் தாங்காமல், "பாவம்டி அந்த ஆள்" என்றேன்.

"பாவம்தான்க்கா. அதுக்கு?"

என் வீட்டிலும் ஒரு தம்பி உண்டு. அவனை நினைத்துக்கொண்டேன், வாயை மூடிக்கொண்டேன்.

முதலாளி வெளியே வந்து கொஞ்ச காலம் இருந்து செத்துப்போனார். சாகும்போது என்ன கேட்டார் என்று அவர் மகன் சொல்ல வந்தான். பாதிக்கதை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். அவளுடைய அம்மாவும் போய்விட்டார், என் ஓரகத்தியும் போய்விட்டாள். அந்த வாடகைக் கடைப் பெரியவரும் இல்லை, கடையை அவர் பேத்தி நடத்துகிறாள். அந்தக் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. பாதிக்கதை இப்போது அங்கேதான் இருக்கிறாள். கதையின் முடிவு என்னவென்று யார் கேட்டாலும், "மீதி உங்ககிட்ட இருக்கு" என்றுதான் இன்னும் சொல்கிறாள்.